குளக்கட்டுச் செலவும் வெள்ளமும்: மட்டக்களப்பு, அம்பாறைக் குள வேலைகளைக் கண்காணிக்கப் புதிதாக வருவோருக்கு ஒரு வழிகாட்டி

கார்த்திகை, மார்கழி மழையில் குளங்கள் நிரம்பி, மிகைநீர் வழியும் வான் பாய்ந்து, வட்டைகள் எனப்படும் வயல்வெளிகள் மூழ்கி, வாவிக்கு மேற்கேயுள்ள படுவான்கரை வீதிகள் துண்டிக்கப்படும் ஒவ்வோர் ஆண்டும், "இந்தக் குளத்துக்கு அவ்வளவு காசு வந்ததே, அது எங்கே போனது?" என்ற கேள்வி தேநீர்க் கடையிலும் கமக்காரர் கூட்டத்திலும் எழுகிறது. நியாயமான அந்தக் கேள்வி, எந்தக் குளம், எந்த ஆண்டின் வேலை, எந்தத் திணைக்களம் என்று சொல்லாமல் கேட்கப்படுவதால் பதில் பெறாமலே போய்விடுகிறது. அதை ஓர் ஆவணக் கோரிக்கையாக மாற்றி, கிடைக்கும் பதிலைச் சரிபார்த்து, உரிய இடத்துக்குக் கொண்டுசெல்ல விரும்புவோருக்காக இக்கட்டுரை எழுதப்படுகிறது. சட்டமோ பொறியியலோ படித்திருக்க வேண்டிய அவசியமில்லை. பொறுமையும், ஒரு கோப்புறையும், கூட்டல் கழித்தலும் போதும்.

தொடங்கும்போதே ஒன்றை மனத்தில் இருத்திக்கொள்ள வேண்டும். நிர்வாகத்தில் செலவுக் கணக்கு ஓர் அலுமாரியிலும், குளத்தின் நீர்மட்டமும் கதவு திறப்பும் எழுதிய பதிவேடு வேறோர் அலுமாரியிலும் இருக்கின்றன. கணக்காளர் இரண்டாவதைப் பார்ப்பதில்லை. வான்கதவைத் திறப்பவருக்கு முதலாவது தெரியாது. வெள்ளத்தைக் குறைப்பதற்கென்று செலவான பணம் வெள்ளத்தை உண்மையிலேயே குறைத்ததா என்பதை அறிய, இரண்டையும் ஒரே கோப்பில் சேர்த்து வைத்துப் பார்க்கும் ஆள் தேவை. அந்த வேலையைத்தான் பொதுமக்கள் எடுத்துக்கொள்ள வேண்டும் என்பது என் உறுதியான கருத்து.

குளம் யாருடையது என்று முதலில் உறுதிசெய்யுங்கள்

நம் இரு மாவட்டங்களிலும் ஒரே வீதியில் போகும்போதே மூன்று வெவ்வேறு நிறுவனங்களின் குளங்களைக் கடக்க நேரிடும். ஏறத்தாழ 80 ஹெக்டேயருக்குக் குறைவான வயலுக்குப் பாயும் சிறு குளங்கள் கமநல அபிவிருத்தித் திணைக்களத்தின் கீழ் வருகின்றன. நடுத்தர, பெரிய குளங்களில் சில மாகாண நீர்ப்பாசனத் திணைக்களத்திடமும், மற்றவை மத்திய அரசாங்கத்தின் நீர்ப்பாசனத் திணைக்களத்திடமும் உள்ளன. ஒன்றுக்கு மேற்பட்ட மாகாணங்களூடாக ஓடும் ஆறுகள் மத்திய அரசாங்கத்தின் பொறுப்பு என்பதால், ஊவா மலைப்பக்கத்தில் பிறந்து வரும் பட்டிப்பளை ஆற்றை மறித்து இங்கினியாகலையில் கட்டப்பட்ட சேனநாயக்க சமுத்திரம் மத்திய திணைக்களத்துக்குரியது. மாதுறு ஓயாப் பக்கத்தில் மகாவலி அதிகாரசபையும் சேர்ந்துகொள்கிறது. உன்னிச்சைக் குளத்தைப் போல நகரத்துக்குக் குடிநீரும் கொடுக்கும் குளமாயின், தேசிய நீர் வழங்கல் வடிகாலமைப்புச் சபைக்கும் அதன் நீர்மட்டத்தில் அக்கறை உண்டு.

தவறான அலுவலகத்துக்குக் கடிதம் எழுதி, "இது எமது விடயமல்ல" என்ற ஒற்றை வரிப் பதிலோடு மாதங்களை இழப்பவர்கள் ஏராளம். கமநல சேவை நிலையத்திலோ பிரதேச செயலகத்திலோ கேட்டால் குளத்தின் உரிமை யாரிடம் என்பதைச் சொல்லிவிடுவார்கள். வேலை நடக்கும் இடத்தில் பெயர்ப்பலகை இருந்தால், திட்டத்தின் பெயர், நிதி வழங்குநர், ஒப்பந்தகாரர், ஒப்பந்தத் தொகை, ஆரம்ப நாள், முடிவு நாள் ஆகியவை தெளிவாகத் தெரியும்படி அதைப் படம் எடுத்து வைத்துக்கொள்ளுங்கள். வேலை முடிந்ததும் பலகை காணாமற் போய்விடும்.

பணம் வந்த வழியைப் பின்தொடருங்கள்

ஆண்டுதோறும் அச்சிடப்படும் வரவு செலவுத்திட்ட மதிப்பீடுகள் தமிழிலும் கிடைக்கின்றன. அவற்றில் மத்திய நீர்ப்பாசனத் திணைக்களத்தின் செலவினத் தலைப்பு 282 ஆகும். அந்தத் தலைப்பின் கீழ் உங்கள் கருத்திட்டம் தனிப் பெயருடன் இருக்கிறதா, அல்லது "குளங்கள் புனரமைப்பு" போன்ற பொதுப் பெயருக்குள் அடங்கியிருக்கிறதா என்று பாருங்கள். தனிப் பெயர் இருந்தால், ஒதுக்கப்பட்டது எவ்வளவு, முந்திய ஆண்டில் உண்மையில் செலவானது எவ்வளவு என்ற இரண்டு எண்களையும் எழுதிக்கொள்ளுங்கள். ஒதுக்கீடு என்பது கையில் வந்த காசு அல்ல. திறைசேரி விடுவிக்காத ஒதுக்கீட்டைச் சுட்டிக்காட்டி ஒரு பொறியியலாளரைக் குற்றஞ்சாட்டுவது அநியாயமாகும்.

அடுத்ததாக, ஒரே வேலைக்குப் பல "செலவுகள்" உண்டு என்பதை அறிந்திருக்க வேண்டும். திணைக்களத்தின் பொறியியல் மதிப்பீடு ஒன்று. அங்கீகரிக்கப்பட்ட மொத்த மதிப்பீட்டுச் செலவு வேறொன்று. டெண்டரில் தெரிவான ஒப்பந்தத் தொகை மற்றொன்று. வேலை முடிந்தபின் செலுத்தப்பட்ட இறுதிப் பட்டியல் கடைசியானது. ஒப்பந்தத் தொகைக்கும் இறுதிப் பட்டியலுக்கும் இடையே பெரிய வித்தியாசம் இருந்தால், அதற்கு மூன்று வழிகளில் ஒன்றோ பலவோ காரணமாக இருக்கும். வேலையின் அளவு கூடியிருக்கலாம். வேலையின் தன்மை மாற்றப்பட்டு மாறுபாட்டுக் கட்டளை கொடுக்கப்பட்டிருக்கலாம். அல்லது பொருள் விலை ஏற்றத்துக்காக விலைச் சரிப்படுத்தல் வழங்கப்பட்டிருக்கலாம். 2022 ஆம் ஆண்டின் நெருக்கடியில் சீமெந்தும் கம்பியும் டீசலும் எப்படி ஏறின என்பது எல்லோருக்கும் தெரியும். அக்காலத்து ஒப்பந்தங்களின் தொகை உயர்ந்ததை மட்டும் வைத்து ஊழல் என்று சொல்லிவிட முடியாது. விலைச் சரிப்படுத்தலுக்கு சீடா எனப்படும் நிர்மாணத்துறை அபிவிருத்தி அதிகாரசபை வெளியிடும் விலைச் சுட்டெண்கள் அடிப்படையாக இருப்பதால், அந்தக் கணக்கைத் தாளில் போட்டுச் சரிபார்க்க முடியும். மாறுபாட்டுக் கட்டளை அப்படியல்ல. அதை யார் கேட்டார், யார் அங்கீகரித்தார், என்ன காரணம் எழுதப்பட்டது என்பவற்றையே கேட்க வேண்டும். முழுக் கோப்பிலும் ஒரே ஒரு தாளைத்தான் பெறலாம் என்ற நிலை வந்தால் மாறுபாட்டுக் கட்டளையைக் கேளுங்கள்.

ஒவ்வொரு வேலையின் அளவும் விலையும் எழுதிய, பீ.ஓ.கியூ. என்று எல்லோரும் சொல்லும் அளவுப் பட்டியல் பெரும்பாலும் ஆங்கிலத்தில், சிறிய எழுத்தில் இருக்கும். முழுவதையும் வாசிக்க வேண்டியதில்லை. குளக்கட்டு வேலையில் பெருந்தொகை போகும் வரிகள் சிலவே: அணைக்கட்டுக்கு மண் நிரப்பி இறுக்குதல், அலை அரிக்காதபடி கட்டின் உட்சரிவில் கல் அடுக்குதல், துருசு (மதகு) மற்றும் வான் கொங்கிறீற்று, கதவுகளும் அவற்றின் இரும்பு வேலையும். இவற்றில் மண் வேலைதான் கண்ணால் சரிபார்க்கக் கூடியதும், அதிகம் சந்தேகத்துக்கு உள்ளாவதும் ஆகும்.

ஓர் உதாரணக் கணக்கைப் பார்ப்போம். பட்டியலில் 10,000 கன மீற்றர் மண் இறுக்கப்பட்டதாக எழுதப்பட்டிருக்கிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். நம் ஊரில் மண் கியூப் கணக்கில் வருகிறது. ஒரு கியூப் 100 கன அடி, அதாவது ஏறத்தாழ 2.83 கன மீற்றர். ஆகவே 10,000 கன மீற்றர் என்பது சுமார் 3,530 கியூப். மூன்று கியூப் ஏற்றும் டிப்பரில் இது ஏறக்குறைய 1,180 லோட். ஆனால் டிப்பரில் வரும் மண் உதிரியானது. றோலர் ஓடி இறுக்கியபின் அது கால்வாசியளவு சுருங்கிவிடக் கூடும் என்பதால், உண்மையில் 1,570 லோட் வரை வந்திருக்க வேண்டும். அந்த வீதியில் கடை வைத்திருப்பவரும், காலையில் மாடு சாய்த்துப் போகிறவரும் நாளுக்கு எத்தனை டிப்பர், எத்தனை நாள் ஓடியது என்று சொல்வார்கள். அவர்கள் சொல்வது 400 லோட் என்றால் கேள்வி கேட்கக் காரணம் இருக்கிறது. 1,200 என்றால் ஊர் நினைவில் இருக்கும் சாதாரண வித்தியாசமாகவும் இருக்கலாம். இக்கணக்கு ஒரு நிரூபணம் அல்ல. செய்த வேலையின் அளவுகள் எழுதப்படும் அளவீட்டுப் புத்தகத்தையும் மண் இறுக்கப் பரிசோதனை அறிக்கைகளையும் எந்தக் கட்டத்துக்குக் கேட்பது என்பதைக் காட்டும் சுட்டுவிரல் மட்டுமே.

தகவல் கோரிக்கையை எழுதும் முறை

2016 ஆம் ஆண்டின் 12 ஆம் இலக்கத் தகவலுக்கான உரிமைச் சட்டம் 2017 பெப்ரவரி 3 முதல் நடைமுறையில் உள்ளது. இலங்கைப் பிரசை எவரும் காரணம் சொல்லாமலே எந்தவொரு பகிரங்க அதிகாரசபையிடமும் தகவல் கேட்கலாம். எழுத முடியாதவர் வாய்மொழியாகக் கேட்டால் அதை எழுதிக்கொள்வது தகவல் அலுவலரின் கடமை. கோரிக்கையைக் கொடுத்ததும் பெற்றுக்கொண்டதற்கான எழுத்துமூல அத்தாட்சியை வாங்காமல் அலுவலகத்தை விட்டு வெளியேறாதீர்கள். பின்னர் மேன்முறையீடு செய்ய நாட்களை எண்ணுவது அந்தத் தாளிலிருந்துதான்.

கோரிக்கையில் "ஏன்", "யார் பொறுப்பு" போன்ற சொற்களைத் தவிருங்கள். சட்டம் கொடுப்பது பதிவில் இருக்கும் தகவலை. அபிப்பிராயத்தையோ விளக்கத்தையோ அல்ல. "குளம் ஏன் சரியாகத் திருத்தப்படவில்லை?" என்று எழுதினால், "சரியாகத் திருத்தப்பட்டுள்ளது" என்ற பதில் வரும். அதற்குப் பதிலாக இப்படி எழுதலாம்:

"குளத்தின் பெயர், பிரதேச செயலகப் பிரிவு, வேலை நடந்த ஆண்டு ஆகியவற்றுக்குரிய புனரமைப்பு ஒப்பந்தம் தொடர்பாகப் பின்வருவனவற்றின் பிரதிகளைத் தருக: அங்கீகரிக்கப்பட்ட மொத்த மதிப்பீட்டுச் செலவு, ஒப்பந்தத் தொகையும் ஒப்பந்தம் கைச்சாத்தான திகதியும், விலையிடப்பட்ட அளவுப் பட்டியல், வழங்கப்பட்ட எல்லா மாறுபாட்டுக் கட்டளைகளும் அவற்றின் அங்கீகாரங்களும், கால நீடிப்புக் கடிதங்கள், இன்றுவரை செலுத்தப்பட்ட இடைக்காலப் பட்டியல்கள், மண் இறுக்கப் பரிசோதனை அறிக்கைகள், வேலை முடிவுச் சான்றிதழ், குறைபாட்டுப் பொறுப்புக் காலம் முடியும் திகதி, தடுத்துவைப்புப் பணம் விடுவிக்கப்பட்ட திகதி."

கடைசி இரண்டும் பலர் கேட்க மறக்கும் விடயங்கள். குறைபாட்டுப் பொறுப்புக் காலத்துக்குள் கட்டில் வெடிப்போ கசிவோ தென்பட்டால், ஒப்பந்தகாரர் தம் செலவில் திருத்த வேண்டும். அந்தக் காலம் முடிந்து, அதுவரை ஒப்பந்தகாரருக்குக் கொடுக்காமல் தடுத்துவைத்த பணமும் கொடுக்கப்பட்ட பிறகு அதே வெடிப்பு அரசாங்கச் செலவாகிவிடுகிறது. எனவே, அந்தத் திகதி தெரிந்திருந்தால், கமக்காரர் அமைப்பு அதற்கு முன்பே ஒரு நாள் குளக்கட்டில் நடந்து, கண்ட குறைகளைப் படத்துடன் பொறியியலாளருக்கு எழுத்தில் கொடுக்கலாம். வேலையையும் ஆவணங்களையும் நேரில் பார்வையிடும் உரிமையையும் இச்சட்டம் தருகிறது. எனவே அளவீட்டுப் புத்தகம் தடிமனாக இருந்தால் பிரதி கேட்காமல் பார்வையிடக் கேட்பது சிக்கனமானது.

தகவல் அலுவலர் 14 வேலை நாட்களுக்குள் தருவதா மறுப்பதா என்று தீர்மானிக்க வேண்டும். தருவதென்றால், தீர்மானித்து 14 நாட்களுக்குள் தர வேண்டும். ஆவணங்கள் மிகுதியாக இருந்தால் மேலும் 21 நாட்கள் வரை எடுத்துக்கொள்ள இடமுண்டு. பதில் வராவிட்டாலோ மறுக்கப்பட்டாலோ 14 நாட்களுக்குள், அதே நிறுவனத்தில் மேன்முறையீட்டை விசாரிக்கும் குறித்தளிக்கப்பட்ட அலுவலரிடம் மேன்முறையிடுங்கள். அவர் மூன்று வாரத்துக்குள் முடிவு சொல்ல வேண்டும். அதிலும் திருப்தியில்லையெனில் இரண்டு மாதங்களுக்குள் தகவலறியும் உரிமை ஆணைக்குழுவுக்குச் செல்லலாம். இந்த நாட்களைக் கலண்டரில் குறித்துவைப்பது, கோரிக்கையை அழகாக எழுதுவதை விட முக்கியமானது.

"வர்த்தக இரகசியம்" என்ற காரணம் அடிக்கடி சொல்லப்படும். போட்டி டெண்டர் முடியும்வரை அதற்கு அர்த்தமிருக்கலாம். பொதுப்பணத்தில் முடிந்த வேலைக்குச் செலுத்திய தொகைக்கு அதே காரணத்தைச் சொல்வது பொருந்தாது. பொதுநலன் மேலோங்கும் இடத்தில் விலக்குகள் தடையாகா என்று சட்டமே சொல்கிறது. அதை மேன்முறையீட்டில் எடுத்துக்காட்டுங்கள். "பதிவேடு இல்லை" என்ற பதிலுக்கும் மறுமொழி உண்டு: சட்டம் வந்தபின் உருவான பதிவேடுகளைக் குறைந்தது 12 ஆண்டுகள் பேண வேண்டும்.

வேலை இன்னும் தொடங்கவில்லையென்றால், அதே சட்டத்தின் 9 ஆம் பிரிவு உங்களுக்கு உதவும். உள்நாட்டு நிதியில் 5 இலட்சம் ரூபாவுக்கும், வெளிநாட்டு நிதியில் ஒரு இலட்சம் அமெரிக்க டொலருக்கும் மேற்பட்ட கருத்திட்டங்களைப் பற்றி, தொடங்குவதற்கு மூன்று மாதம் முன்பே பொதுமக்களுக்கும் பாதிக்கப்படக் கூடியவர்களுக்கும் தகவல் தர வேண்டிய கடமை துறைக்குப் பொறுப்பான அமைச்சருக்கு உண்டு. குளக்கட்டை உயர்த்தும் வேலையில் மேற்பக்கத்தில் நீர் ஏறும் காணிக்காரரும், கீழ்ப்பக்கத்தில் வான் ஓடும் வழியில் இருப்பவரும் "பாதிக்கப்படக் கூடியவர்கள்" ஆவர். இந்தப் பிரிவை நம் பகுதியில் மிகச் சிலரே பயன்படுத்துவது எனக்குப் பெரும் வருத்தம் தருகிறது.

வெள்ளத்தின் பதிவேடு

வான்கட்டின் பக்கச் சுவரில் அடி, அங்குலம் குறித்த அளவுக்கோல் ஒன்று வர்ணத்தில் தீட்டப்பட்டிருக்கும். மழைக்காலத்தில் அதைப் பார்த்து நீர்மட்டத்தைப் பதிவேட்டில் எழுதுவது அங்கு பணியில் இருப்பவரின் வேலை. கதவுள்ள குளமாயின், எந்தக் கதவு எத்தனை அடி, எந்த நேரத்தில் திறக்கப்பட்டது என்பதும் எழுதப்பட வேண்டும். கதவில்லாத வானில் திறப்புப் பதிவு இருக்காது. நீர்மட்டம் உச்சியைத் தாண்டியதும் தானாகவே பாயும். இந்த வேறுபாட்டை அறியாமல் "கதவைத் திறந்து எங்களை மூழ்கடித்தார்கள்" என்று மனு எழுதினால், முதல் வரியிலேயே அதன் நம்பகத்தன்மை போய்விடும்.

வெள்ளத்துக்குப் பின் கேட்க வேண்டியவை: குறித்த நாட்களின் மணிவாரி நீர்மட்டப் பதிவு, கதவு திறப்புப் பதிவு, குளத்தின் மழைமானியில் பதிவான மழைவீழ்ச்சி, கதவு திறக்கும் முன் மாவட்டச் செயலகத்துக்கும் பிரதேச செயலகத்துக்கும் அனர்த்த முகாமைத்துவப் பிரிவுக்கும் அறிவித்த நேரம். இவற்றை ஒரே தாளில் நேர வரிசையில் எழுதி, உங்கள் ஊரில் தண்ணீர் ஏறிய நேரத்தைப் பக்கத்தில் எழுதுங்கள். கிரான், புலிபாய்ந்தகல் பக்கத்திலோ சம்மாந்துறை, காரைதீவுப் பக்கத்திலோ தண்ணீர் ஏறியது திறப்புக்கு முன்பா பின்பா என்பது இதில் புலப்படும். முன்பே ஏறியிருந்தால் அது உள்ளூர் மழையும் அடைபட்ட வடிச்சலும் செய்த வேலை. அதைக் கேட்க வேண்டிய இடம் பிரதேச சபையும் வீதி அதிகாரசபையுமாக இருக்கலாம். முகத்துவாரம் எந்த நாளில் வெட்டப்பட்டது என்பதையும் சேருங்கள். வாவியின் நீர் கடலுக்குப் போகாமல் நிற்கும்போது மேலே எந்தக் குளத்தைக் குறைசொல்லியும் பயனில்லை.

ஒரு கணக்கு மிக உதவும். செக்கனுக்கு ஒரு கன அடி வீதம் ஒரு முழு நாள் ஓடினால் ஏறத்தாழ இரண்டு ஏக்கர் அடி (ஓர் ஏக்கர் பரப்பில் ஓர் அடி உயரத்துக்கு நிற்கும் நீர் ஓர் ஏக்கர் அடி) நீர் வெளியேறும். ஆகவே 5,000 கன அடி வீதம் ஒரு நாள் திறந்திருந்தால் வெளியேறியது சுமார் 10,000 ஏக்கர் அடி. மழைக்கு முன்னரே படிப்படியாகத் திறந்திருந்தால் எவ்வளவு இடம் கிடைத்திருக்கும் என்பதை இப்படிக் கணக்கிடலாம். அதே வேளை, மறுபக்கத்தையும் நியாயமாகப் பார்க்க வேண்டும். முன்கூட்டியே நீரை விட்டுவிட்டு மழை பொய்த்தால் சிறுபோகம் இல்லாமல் போகும். அப்போது அதே ஊர் அதே பொறியியலாளரைக் கேள்வி கேட்கும். எனவே "ஏன் முன்பே திறக்கவில்லை" என்பதை விட, "எந்த மாதத்தில் எந்த நீர்மட்டம் வரை வைத்திருக்கலாம் என்ற இயக்க விதி எழுத்தில் இருக்கிறதா, அது பின்பற்றப்பட்டதா" என்பதே சரியான கேள்வி.

1957 டிசம்பரிலும், 2011 ஜனவரி, பெப்ரவரியிலும், 2024 நவம்பரிலும் இந்த மண் கண்ட வெள்ளங்களை மறந்து பேச முடியாது. 2024 இல் காரைதீவு, மாவடிப்பள்ளி வீதியில் உழவு இயந்திரம் வெள்ளத்தில் அடித்துச் செல்லப்பட்டு மத்ரஸா மாணவர்கள் உயிரிழந்தார்கள். எச்சரிக்கை எந்த நேரத்தில் யாருக்குப் போனது என்ற வரி வெறும் நிர்வாக விபரமல்ல. உயிருக்கும் தனிமனித சுதந்திரத்துக்கும் தொடர்பான தகவலை 48 மணித்தியாலத்தில் தர வேண்டும் என்று சட்டம் சொல்வதால், குளக்கட்டில் புதிய கசிவோ தாழ்வோ கண்டு அதன் பாதுகாப்புப் பரிசோதனை அறிக்கையைக் கேட்கும்போது அந்தக் காரணத்தைக் கோரிக்கையின் தலைப்பிலேயே எழுதுங்கள். 1986 ஏப்ரல் 20 அன்று கந்தளாய்க் குளக்கட்டு உடைந்து நூற்றுக்கு மேற்பட்டோர் மாண்டதை அயல் மாவட்டத்தவரான நாம் அறிவோம். கசிவைக் கண்டவுடன் தகவல் கோரிக்கைக்குக் காத்திராமல் அனர்த்த முகாமைத்துவ நிலையத்தின் 117 இலக்கத்துக்கு அழைப்பதுதான் முதற்கடமை.

கணக்காய்வுக்கும் பாராளுமன்றத்துக்கும் கொண்டுசெல்லுதல்

அரசியலமைப்பின் 154 ஆம் உறுப்புரையின் கீழ் கணக்காய்வாளர் தலைமை அதிபதி திணைக்களங்கள், சபைகள், மாகாண சபைகள் எல்லாவற்றையும் கணக்காய்வு செய்கிறார். 2018 ஆம் ஆண்டின் 19 ஆம் இலக்கச் சட்டம் அந்த அதிகாரத்தை விரிவாக்கியது. முந்திய ஆண்டுகளின் அறிக்கைகளில் உங்கள் கருத்திட்டம் பற்றி ஏதேனும் அவதானிப்பு இருக்கிறதா என்று முதலில் தேடுங்கள். ஏற்கெனவே எழுதப்பட்ட ஓர் அவதானிப்பைப் பிடித்து, "இதற்குப் பின் என்ன நடவடிக்கை?" என்று கேட்பது புதிய குற்றச்சாட்டை விட வலுவானது.

நீர்ப்பாசனத் திணைக்களம் போன்ற திணைக்களங்களை விசாரிப்பது கோபா எனப்படும் அரசாங்கக் கணக்குகள் பற்றிய குழு. மகாவலி அதிகாரசபை போன்ற நியதிச்சட்ட நிறுவனங்களை விசாரிப்பது கோப் எனப்படும் அரசாங்கப் பொறுப்பு முயற்சிகள் பற்றிய குழு. பாராளுமன்ற உறுப்பினருக்கு மனுக் கொடுக்கும்போது சரியான குழுவின் பெயரைக் குறிப்பிடுங்கள். இலஞ்சம் நடந்ததற்கு நேரடிச் சான்று இருந்தால் மட்டும் இலஞ்ச ஊழல் ஆணைக்குழுவுக்குச் செல்லுங்கள்.

ஒரு திட்டத்தை முழுமையாக எடைபோடுவது நமக்குப் புதிதல்ல. சேனநாயக்க சமுத்திரத்தைக் கட்டிய, 1949 இல் தொடங்கிய கல்லோயாத் திட்டத்தை ஆராய அரசாங்கமே ஒரு மதிப்பீட்டுக் குழுவை நியமித்தது. 1970 இல் அமர்வுப் பத்திரமாக வெளியான அதன் அறிக்கை, திட்டத்தின் செலவு நன்மையை விஞ்சியதென்று கணித்தது. அரசாங்கத்தின் பெருமைக்குரிய திட்டத்தைப் பற்றி அரசாங்கத்தின் குழுவே அப்படி எழுத முடிந்தது. இன்று முந்தனையாற்று வடிநிலத்துக்கெனப் பேசப்படும் புதிய நீர்த்தேக்கங்களுக்கும் அதே தரமான மதிப்பீட்டை, வேலை தொடங்கும் முன்பே கேட்பதில் தயக்கம் வேண்டியதில்லை.

கூட்டத்தில் பேசும் முன்

சேகரித்தவற்றை முதலில் வைக்க வேண்டிய இடம் பெரும்போகத்துக்கு முன் நடக்கும் பயிர்ச்செய்கை ஆரம்பக் கூட்டம். அங்கே பொறியியலாளரும் பிரதேச செயலாளரும் கமக்காரர் அமைப்புகளும் ஒரே மண்டபத்தில் இருப்பார்கள். நீண்ட உரை வேண்டாம். இரண்டு பக்கத் தாள் போதும். முதற்பக்கத்தில் செலவு வரிகள், இரண்டாம் பக்கத்தில் கடந்த வெள்ளத்தின் நேர வரிசை, கீழே மூன்று கேள்விகள். கூட்டத்துக்குச் சில நாட்கள் முன்பே பொறியியலாளருக்கு ஒரு பிரதியைக் கொடுத்துவிடுங்கள். கோப்பைப் பார்த்துவிட்டு வந்து பதில் சொல்ல அவருக்கும் அவகாசம் வேண்டும். தனி ஒருவராக அல்லாமல், மேற்பக்க, கீழ்ப்பக்க அமைப்புகள் இரண்டினதும் கையொப்பத்துடன் கொடுப்பது நல்லது, ஏனெனில் கீழ்ப்பக்கத்தார் மட்டும் கேட்டால் மேற்பக்கத்தாரின் தண்ணீரைக் குறைக்கப் பார்க்கிறார்கள் என்ற பேச்சு உடனே கிளம்பும். கேள்விகளும் பதில்களும் கூட்ட அறிக்கையில் எழுதப்பட வேண்டும் என்று அங்கேயே கேட்டு, சில வாரம் கழித்து அந்த அறிக்கையின் பிரதியைத் தகவல் கோரிக்கை மூலம் பெற்று, அதே கோப்பில் சேர்த்துவிடுங்கள்.